வெல்ஷ் மொழித் தேர்வு எழுதலாமா? வேல்ஸில் இருப்பவர்கள் சொல்லுங்கள்

மலர்விழி_பாங்கர்

அனைவருக்கும் வணக்கம். பிரித்தானியாவின் வேல்ஸில், வடக்கே இருக்கும் பாங்கரில் செவிலியராக வேலை பார்க்கிறேன். ஊர் தென்காசிப் பக்கம். சென்ற செப்டம்பரில் இங்கே பல்கலைக்கழகம் நடத்தும் மாலை வகுப்பில் வெல்ஷ் படிக்கச் சேர்ந்தேன். பாடநூலில் பாதியைத் தாண்டிவிட்டோம். கோடையில் முதல் நிலைத் தேர்வை எழுதிப் பாருங்கள் என்று ஆசிரியை சொல்கிறார். கட்டாயம் எதுவும் இல்லையாம், விருப்பம் இருந்தால் போதுமாம்.

இங்கே வேலைக்கு வருவதற்காக ஆங்கிலத் தேர்வு எழுதி அலுத்துப்போனவள் நான். மறுபடியும் ஒரு மொழித் தேர்வா என்று மனம் தயங்குகிறது. அது எப்படி நடக்கும்? எழுத்து எவ்வளவு, பேச்சு எவ்வளவு? யார் திருத்துகிறார்கள்? நாங்கள் படிப்பது வடக்கு வழக்கு. தேர்வு வாரியம் இருப்பதோ கார்டிஃபில். வினாத்தாள் தெற்கு வழக்கில் வந்துவிட்டால் என்ன செய்வது? எழுதுவதால் பயன் உண்டா என்பதையும் சொல்லுங்கள். எழுதியவர்கள் விரிவாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.


இளங்கோ_சுவான்சி

மலர்விழி, வார்டில் ஒரு நாள் முழுக்க நின்றுவிட்டு மாலையில் வகுப்புக்கும் போகிறீர்கள் என்பதே மகிழ்ச்சியான செய்தி. நான் மூன்றாம் நிலைவரை எழுதியிருக்கிறேன். முக்கியமானதிலிருந்து தொடங்குகிறேன்.

இதை முதலில் பேச்சுத் தேர்வாக நினைத்துக்கொள்ளுங்கள். கேட்டல், வாசித்தல், எழுதுதல் எல்லாம் உண்டு. ஆனால் முதல் நிலையில் மதிப்பெண்ணின் மிகப் பெரிய பங்கு பேச்சுக்குத்தான். நீங்கள் எழுதிய ஆங்கிலத் தேர்வின் நினைப்போடு இதற்குத் தயாரானால் வழி தவறிவிடும்.

நான் எழுதியபோது பேச்சுத் தேர்வு நடந்தது ஒரு சிறிய அறையில். எதிரே தேர்வாளர், மேசையின் மேல் ஒலிப்பதிவுக் கருவி. முதலில் ஒரு சிறு பகுதியை வாய்விட்டு வாசிக்கச் சொன்னார். பிறகு எங்கே வசிக்கிறீர்கள், என்ன வேலை, நேற்று என்ன செய்தீர்கள் என்பதுபோன்ற கேள்விகள். அடுத்து வந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. நாம் அவரைக் கேள்வி கேட்க வேண்டும். கையில் அட்டைகள் தருவார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு குறிப்பு. கார் என்றிருந்தால் உங்களிடம் கார் இருக்கிறதா என்று கேட்கலாம். விடுமுறை என்றிருந்தால் விடுமுறைக்கு எங்கே போனீர்கள் என்று கேட்கலாம். அவர் பதில் சொல்வார். எத்தனையோ ஆண்டு ஒரு மொழியைப் பள்ளியில் படித்துவிட்டு, அதில் ஒரு கேள்விகூடக் கேட்கத் தெரியாமல் வெளியே வருகிறோம். இங்கே முதல் படியிலேயே கேள்வி கேட்கப் பழக்குகிறார்கள். செவிலியருக்கு இதைவிட உதவும் பயிற்சி எது?

மற்றத் தாள்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கேட்டலில் வானிலை அறிக்கையும் ஓர் உரையாடலும் வந்தன. வாசிப்புக்குச் சிறு விளம்பரங்கள்போன்ற பகுதிகள். பிறகு கோடிட்ட இடம் நிரப்புதல். வெல்ஷில் முன்னால் வரும் சொல்லைப் பொறுத்து ஒரு சொல்லின் முதலெழுத்து மாறும்; அந்த விதிகளை அங்கேதான் பார்க்கிறார்கள். எழுதுவதற்கு நண்பருக்கு ஒரு சிறு கடிதமும், கொடுத்த விவரங்களை வைத்து ஒருவரைப் பற்றிச் சில வரிகளும். பழைய வினாத்தாள்களும் ஒலிக்கோப்புகளும் வாரியத்தின் இணையதளத்திலேயே இருக்கின்றன. அவற்றை முதலில் எடுத்துப் பாருங்கள், பயம் பாதி போய்விடும்.

நடத்துவது டபிள்யூ.ஜே.இ.சி. என்கிற வாரியம். 1948-இல் வேல்ஸின் உள்ளாட்சிக் கல்வி அமைப்புகள் கூடி உருவாக்கியது. பள்ளிப் பிள்ளைகளின் ஜி.சி.எஸ்.இ., ஏ லெவல் தேர்வுகளையும் அவர்களே நடத்துகிறார்கள். உங்கள் வகுப்பை நடத்துவது வேறு அமைப்பு. 2016 முதல் தேசிய வெல்ஷ் கற்றல் மையம் பாடத்திட்டத்தையும் நூல்களையும் ஒழுங்குபடுத்துகிறது. பல்கலைக்கழகங்கள், கல்லூரிகள், உள்ளாட்சி மன்றங்கள் போன்றவை அதன் சார்பில் வகுப்பெடுக்கின்றன. கற்பிப்பவரும் மதிப்பிடுபவரும் தனித்தனி, ஆனால் நிலைகள் ஒன்றே. முதல் நிலைக்கு மனெடியாட் என்று பெயர், நுழைநிலை. அடுத்தது சல்வைன், அடிநிலை. பிறகு கனோல்ராத், இடைநிலை. நான்காவது யூக், உயர்நிலை. மொழித் திறனை அளக்கும் ஐரோப்பிய அளவுகோலில் இவை ஏ1, ஏ2, பி1, பி2. தேர்ச்சி என்றும் சிறப்புத் தேர்ச்சி என்றும் இரண்டு தரம் உண்டு.

வடக்கு, தெற்கு பற்றிக் கவலையே வேண்டாம். தொடக்க நிலைகளில் பாடநூலும் சரி, தேர்வும் சரி, இரண்டு வழக்குக்கும் தனித்தனிப் பதிப்பாகவே வருகின்றன. பதிவு செய்யும்போது எது வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். பதிவு பல மாதங்களுக்கு முன்பே முடிந்துவிடும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். ஆசிரியையிடம் கடைசி நாளைக் கேட்டு இப்போதே குறித்துவையுங்கள்.


வல்வைக்குமரன்

இலண்டனில் இருந்து எழுதுகிறேன். தங்கை மலர்விழியின் ஆர்வத்தை மெச்சுகிறேன். ஆனால் மனதில் பட்டதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இலங்கையில் அரச உத்தியோகத்தர்களுக்கு இரண்டாம் மொழிப் பரீட்சை இருக்கிறது. 2007-இல் வந்த சுற்றறிக்கைப்படி, புதிதாகச் சேர்பவர்கள் ஐந்து வருடங்களுக்குள் மற்ற அரச கரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும். என் உறவினர்கள் சிலர் சிங்களப் பரீட்சையில் சித்தியடைந்தார்கள். பெறுபேறு கோப்புக்குள் போனது, மொழி வாய்க்கு வரவில்லை. கந்தோருக்கு வரும் சிங்களவரோடு ஆங்கிலத்திலேயே சமாளித்தார்கள். எதிர்ப்பக்கத்திலும் அதே கதைதான். தமிழ்ப் பரீட்சையில் சித்தியடைந்த உத்தியோகத்தர் முன்னால் எங்கள் அம்மாக்கள் விண்ணப்பப் படிவத்தோடு வாய் மூடி நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

அதனால் மொழிக்குப் பரீட்சை என்றாலே எனக்கு நம்பிக்கை குறைவு. வேல்ஸில் எல்லோருக்கும் ஆங்கிலம் தெரியும். வெல்ஷ் பேச விருப்பம் என்றால் பேசுங்கள், பழகுங்கள். சான்றிதழ் எதற்கு?


மலர்விழி_பாங்கர்

குமரன் அண்ணா, நீங்கள் சொல்வது எனக்கும் புரிகிறது. எல்லோருக்கும் ஆங்கிலம் தெரியும் என்ற இடத்தில் மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

நான் வேலை பார்ப்பது முதியோர் வார்டு. 2021 கணக்கெடுப்பில் பாங்கர் இருக்கும் குவினெத் மாவட்டத்தில் 64.4 விழுக்காட்டினர் வெல்ஷ் பேசுபவர்கள். நினைவு தப்பும் நோய் வந்த முதியவர்களில் சிலருக்குப் பின்னால் கற்ற ஆங்கிலம் முதலில் நழுவிவிடுகிறது. ஒரு பாட்டி இரவில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தார். ஆங்கிலத்தில் எவ்வளவு கேட்டும் முகம் திரும்பவில்லை. உதவியாளர் வந்து வெல்ஷில் கேட்ட பிறகுதான் வலிக்கிறது என்று தெரிந்தது. இடுப்பில் வலி. அவ்வளவு நேரம் அவர் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். மறுவாரம் வகுப்பில் சேர்ந்தேன்.

வேல்ஸ் சுகாதாரத் துறையில் ஒரு கொள்கை இருக்கிறது. நோயாளி கேட்கும்வரை காத்திருக்காமல், வெல்ஷில் பேசலாமா என்று நாமே முன்வந்து கேட்க வேண்டும். சட்டைப் பையில் ஆரஞ்சு நிறப் பேச்சுக்குமிழி அட்டை குத்தியிருந்தால் இவர் வெல்ஷ் பேசுவார் என்று அர்த்தம். கற்பவர்களுக்கும் தனி அட்டை உண்டு. நான் அதைக் குத்தியிருக்கிறேன். பேச வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தேர்வு அதற்கு உதவுமா என்பதுதான் என் கேள்வி.


தேன்மொழி_ஆசிரியை

சென்னையில் வெளிநாட்டவருக்கும் பிற மாநிலத்தவருக்கும் தமிழ் கற்பிக்கிறேன். வெல்ஷ் தேர்வுகளின் அமைப்பைத் தொழில்முறை ஆர்வத்தோடு பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். குமரன் ஐயா எழுப்பியது அடிப்படையான கேள்வி. தேர்வு எதை அளக்கிறதோ அதைத்தான் வகுப்பு கற்பிக்கும். எழுத்துத் தாளை மட்டும் வைத்தால் வகுப்பு முழுவதும் எழுத்தாகிவிடும். பேச்சுக்குப் பெரும் பங்கு கொடுத்தால் ஆசிரியருக்கு மாணவரைப் பேசவைப்பதைத் தவிர வேறு வழி இருக்காது. உங்கள் உறவினர்களுக்கு நேர்ந்ததைத் தவிர்க்கத்தான் வெல்ஷ் தேர்வு இப்படி அமைந்திருக்கிறது என்பது என் கணிப்பு.

பேச்சுத் தேர்வு நடத்துவது செலவு பிடித்த வேலை. எழுத்துத் தாளை ஆயிரம் பேருக்கு ஒரே நாளில் வைத்துவிடலாம். பேச்சுக்கு ஒவ்வொருவரோடும் ஒருவர் உட்கார வேண்டும். உட்காருபவர்களுக்குப் பயிற்சி வேண்டும். ஒருவர் தாராளமாகவும் இன்னொருவர் கறாராகவும் மதிப்பெண் போடாமல் சரிபார்க்க வேண்டும். இளங்கோ பார்த்த ஒலிப்பதிவு அதற்கு உதவும். 2021 கணக்கெடுப்பின்படி வெல்ஷ் பேசுவோர் ஏறத்தாழ 5,38,000 பேர், மக்கள்தொகையில் 17.8 விழுக்காடு. அவ்வளவு சிறிய மொழி இந்தச் செலவைச் செய்கிறது. கோடிக்கணக்கானோர் பேசும் நம் மொழியில் பெரியவர்களுக்கு இப்படி ஒன்றைக் கட்டி எழுப்ப வேண்டும் என்ற ஏக்கம் எனக்கு எப்போதும் உண்டு.

டபிள்யூ.ஜே.இ.சி., ஐரோப்பிய மொழித் தேர்வாளர் சங்கத்தில் உறுப்பினர். 1989-இல் கேம்பிரிட்ஜ், சலமாங்கா பல்கலைக்கழகங்கள் முன்னின்று தொடங்கிய சங்கம் அது. ஜெர்மன் மொழிக்குத் தேர்வு நடத்தும் கோத்தே நிறுவனமும் அதில் இருக்கிறது. வெல்ஷில் பி1 என்றால் ஜெர்மனில் பி1 என்பவரோடு ஒப்பிடக்கூடிய திறன் என்று சொல்வதற்கு இதுபோன்ற பொது நெறிகள் வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வெல்ஷிலும் நம்மைப்போல எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் தூரத் தூர நிற்கின்றன. 1960-களில் கற்பவர்களுக்காக ‘வாழும் வெல்ஷ்’ என்ற பெயரில் ஒரு பொதுப் பேச்சு வடிவத்தை அறிஞர்கள் வகுத்தார்கள். எந்த ஊரிலும் யாரும் அப்படியே பேசவில்லை என்பதால் அது நாளடைவில் ஒதுங்கியது. இப்போது வட்டார வழக்கையே பாடமாக்கி, அதையே தேர்விலும் ஏற்றுக்கொள்கிறார்கள். தமிழ் கற்க வருபவரிடம் ‘இருக்கிறது’ என்று தொடங்குவதா ‘இருக்கு’ என்று தொடங்குவதா என்று நாங்கள் இன்னும் கூட்டம் கூட்டமாக விவாதித்துக்கொண்டிருக்கிறோம். அவர்கள் முடிவெடுத்து முன்னே போய்விட்டார்கள்.


கதிரவன்_ரெக்ஸம்

இரண்டாம் நிலையை எழுதியவன் என்ற முறையில் ஒரு குறையையும் பதிவு செய்ய வேண்டும். நான் எழுதிய மையத்தின் பெயர் வேண்டாம். பெரிய கூடம், உயரமான கூரை, ஒரே ஓர் ஒலிபெருக்கி. செய்தி அறிக்கை ஓடியபோது எதிரொலியில் பாதிச் சொற்கள் கரைந்துபோயின. பின் வரிசையில் இருந்த எங்களில் பலர் முகம் சுளித்தோம், யாரும் கை தூக்கவில்லை. வெளியே வந்த பிறகு எல்லோரும் புலம்பினோம். கேட்டல் தாளை நடத்தும் இடம் அதற்குத் தகுந்ததா என்று முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டாமா? மொழியைச் சோதிப்பதாகச் சொல்லி காதைச் சோதித்தார்கள்.

பேச்சுத் தேர்வு நன்றாகவே நடந்தது. தேர்வாளர் பொறுமையானவர். நான் ஒரு சொல்லுக்காகத் தடுமாறியபோது குறுக்கிடாமல் காத்திருந்தார். கேட்டலில் போனதைப் பேச்சில் பிடித்தேன்.


இளங்கோ_சுவான்சி

கதிரவன், இதை எழுதியது நல்லது. தேர்வுக்குப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது. ஒலி சரியில்லை என்றால் முதல் முறை ஓடும்போதே கண்காணிப்பாளரிடம் சொல்லிவிடுங்கள். கூடம் அமைதியாக இருப்பதால் பேசக் கூச்சமாக இருக்கும். ஆனாலும் அந்த நேரத்தில் சொன்னால்தான் எதையாவது சரிசெய்ய முடியும். பின்னால் அனுப்பும் கடிதத்துக்கு அந்த வலு கிடையாது. காது கேட்பதில் சிரமம் உள்ளவர்கள், கூடுதல் நேரம் தேவைப்படுபவர்கள் பதிவு செய்யும்போதே தெரிவித்துவிட வேண்டும்.

தயாரிப்பைப் பற்றி மலர்விழிக்குச் சில சொற்கள். ஆங்கிலம் வழியாக யோசிக்காதீர்கள். நான் முதலில் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் அமைத்து வெல்ஷுக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். பல இடங்களில் தமிழிலிருந்து நேரே போவது எளிது. எடுத்துக்காட்டாக, ‘என்னிடம் கார் இருக்கிறது’ என்பதை வடக்கு வெல்ஷில் ‘மாய் கென் ஈ கார்’ என்பார்கள். இருக்கிறது, என்னிடம், கார். உடைமையைச் சொல்லத் தனி வினைச்சொல் தேடவே வேண்டாம், நம்மைப்போலத்தான். வினை முதலில் வந்துவிடும் என்பது ஒன்றுதான் மாற்றம்.

ஆம், இல்லை என்பதும் அப்படியே. வெல்ஷில் எல்லாக் கேள்விக்கும் பொருந்தும் ஓர் ‘ஆம்’ கிடையாது. நீங்கள் செய்கிறீர்களா என்ற வகைக் கேள்விக்கு ‘அடு’. ஏதாவது இருக்கிறதா என்று கேட்டால் ‘ஓய்ஸ்’. போனீர்களா, சாப்பிட்டீர்களா என்று நடந்து முடிந்ததைக் கேட்டால் ‘டோ’. ஆங்கிலேயர்கள் இங்கே மிகவும் தடுமாறுவார்கள். ‘வந்தாயா?’ என்றால் ‘வந்தேன்’, ‘இருக்கிறதா?’ என்றால் ‘இருக்கிறது’ என்று பதில் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். கேள்வியின் வினையைக் காதில் பிடித்துக்கொண்டால் பதில் தானே வரும். பேச்சுத் தேர்வில் இது சரியாக அமைந்தால் கேட்பவருக்கு நம்மேல் உடனே நம்பிக்கை பிறக்கிறது.

மரியாதைப் பன்மையும் உண்டு. ‘டீ’ என்றால் நீ, ‘ஹீ’ என்று தொண்டையில் உரசிச் சொன்னால் நீங்கள். தேர்வாளரிடம் எதைச் சொல்ல வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.


தேன்மொழி_ஆசிரியை

இளங்கோ சொன்னதோடு முதலெழுத்து மாற்றத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழர்களுக்கு அங்கே ஒரு வசதியும் உண்டு, ஒரு கண்ணியும் உண்டு. ‘பல்’ என்பதில் உள்ள ப வேறு ஒலி, ‘தம்பி’ என்பதில் உள்ள ப வேறு ஒலி. நாம் அதைக் கவனிப்பதே இல்லை, வாய் தானாகவே மாற்றிக்கொள்கிறது. வெல்ஷில் மென்மாற்றம் என்பதும் இதே ஒலிகளைத்தான் தொடுகிறது. வல்லொலி நெகிழ்கிறது. அதனால் பேச்சில் நம்மவர்களுக்கு அந்தப் பக்குவம் சீக்கிரம் வரலாம். எழுத்தில்தான் சிக்கல். தமிழில் எழுத்து மாறாது. வெல்ஷில் எழுத்தும் மாறியாக வேண்டும். இடம் நிரப்பும் பகுதியில் மதிப்பெண் போவது இப்படித்தான். எழுதி எழுதிப் பழகுங்கள்.

மூக்கொலி மாற்றமும் அப்படியே. கார்டிஃபின் வெல்ஷ் பெயர் ‘கைர்டீத்’. ‘கார்டிஃபில்’ என்று சொல்லும்போது அதன் முதல் ஒலி ஙகரத்தில் போய் நிற்கும். ங என்று ஒரு சொல்லைத் தொடங்க மற்றவர்கள் திணறும்போது, ஙப் போல் வளை என்று பாடிய குழந்தைக்கு அது அந்நியமில்லை.


ஜீவா_கார்டிஃப்

நான் எதிர்த்தரப்பு. இரு பிள்ளைகளும் வெல்ஷ் வழிப் பள்ளியில் படிக்கிறார்கள். அவர்களுடைய வீட்டுப்பாடம் புரிய வேண்டும் என்று படிக்கத் தொடங்கினேன். முதல் இரண்டு நிலைகளையும் முடித்தேன், எந்தத் தேர்வும் எழுதவில்லை. பள்ளி வாசலில் மற்றப் பெற்றோரோடும் ஆசிரியரோடும் தடையில்லாமல் பேசுகிறேன். எனக்கு அது போதும்.

தேர்வு கெட்டது என்று சொல்ல வரவில்லை. ஆனால் எங்கள் வகுப்பில் வசந்த காலம் வந்ததும் பழைய வினாத்தாள்களே பாடமாகிவிட்டன. தேர்வுக்குப் போகாத எங்களுக்கு அந்த வாரங்கள் வறண்டு போயின. அதுவரை காப்பிக் கடையில் கேட்ட சொல்லையும் பிள்ளைகள் கொண்டுவந்த பாட்டையும் வகுப்பில் பேசிக்கொண்டிருந்தோம். அதெல்லாம் நின்றுவிட்டது. தேர்வு எழுதாதவர்களே பெரும்பான்மையாக இருக்கும் வகுப்பில் இது நியாயமா?


இளங்கோ_சுவான்சி

ஜீவா, உங்கள் குறை நியாயமானது. நல்ல ஆசிரியர்கள் தேர்வுப் பயிற்சியைத் தனி நாளில், வேண்டியவர்களுக்கு மட்டும் வைப்பார்கள். எல்லா இடத்திலும் அப்படி நடப்பதில்லை.

இருந்தாலும் நான் தேர்வின் பக்கம் நிற்கிறேன். பெரியவர்கள் மொழி கற்கும்போது பாதியில் விட்டுவிடுவதற்குக் காரணங்கள் எத்தனையோ: வேலை, குழந்தை, ஊர் மாற்றம். ஒரு நாளைக் குறித்துக்கொண்டு அதை நோக்கிப் படித்தவர்களே என்னோடு மூன்றாம் நிலைவரை வந்தார்கள். பிள்ளைகள் வெல்ஷ் பள்ளியில் இருப்பதால் உங்களை இழுக்கும் கயிறு வீட்டிலேயே இருக்கிறது. தனியாக வசிக்கும் ஒருவருக்கு, அதுவும் ஆங்கிலமே புழங்கும் சுவான்சித் தெருவில், அந்தக் கயிறு எங்கிருந்து வரும்?

உண்மையான இடறல் இரண்டாம் நிலைக்கும் மூன்றாம் நிலைக்கும் நடுவில் இருக்கிறது. அதுவரை தன்னைப் பற்றிச் சொன்னால் போதும்: என் வீடு, என் வேலை, என் விடுமுறை. மூன்றாம் நிலையில் கருத்துச் சொல்ல வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், கதையாகச் சொல்ல வேண்டும். நான்காவதில் வாதாடவே வேண்டும். வகுப்பு மட்டும் போதாது. தேசிய மையம் ‘ஷாராட்’ என்றொரு திட்டம் நடத்துகிறது. கற்பவர் ஒருவரைச் சரளமாகப் பேசும் ஒருவரோடு இணைத்துவிடுகிறார்கள். எனக்கு அப்படிக் கிடைத்தவர் ஓய்வுபெற்ற தபால்காரர். அவர் தொழிலைப் பற்றியும் ரக்பி பற்றியும் பேசிப் பேசித்தான் எனக்கு இறந்தகாலம் முழுவதும் படிந்தது. ஒரு வாரம் விடுப்பு கிடைத்தால் ஹ்லீன் தீபகற்பத்தில் உள்ள நான்ட் குர்தேர்னுக்குப் போங்கள் மலர்விழி, உங்களுக்குப் பக்கம்தான். கல் உடைத்த தொழிலாளர்கள் வாழ்ந்து கைவிட்ட கிராமத்தை மீட்டு, தங்கிப் படிக்கும் மையமாக்கியிருக்கிறார்கள்.


வல்வைக்குமரன்

தேன்மொழி ஆசிரியை சொன்ன விளக்கத்தை இரண்டு தரம் வாசித்தேன். பேச்சுக்குப் புள்ளி கொடுக்கும் பரீட்சை என்றால் அது வேறு விடயம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தேர்வாளரோடு அறைக்குள் பேசுவதும் வார்டில் வலியோடு இருக்கும் மூதாட்டியோடு பேசுவதும் ஒன்றல்ல. அந்த இடைவெளியை எந்தப் பரீட்சையும் அடைக்காது என்பதில் நான் இன்னும் உறுதியாகத்தான் இருக்கிறேன்.

வேறொரு கேள்வி. பிரித்தானியக் குடியுரிமைக்கு வெல்ஷ் தெரிந்தாலும் போதும் என்று கேள்விப்பட்டேன். அப்படியானால் இந்தச் சான்றிதழைக் காட்டலாமா?


கதிரவன்_ரெக்ஸம்

ஐயா, 1981-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தில் ஆங்கிலம், வெல்ஷ், ஸ்காட்டிஷ் கேலிக் இவற்றில் ஒன்றில் போதிய அறிவு வேண்டும் என்றுதான் இருக்கிறது. அதனால் சட்டத்தில் இடம் உண்டு. நடைமுறை வேறு. உள்துறை அங்கீகரித்திருக்கும் மொழித் தேர்வுப் பட்டியலில் இருப்பவை ஆங்கிலத் தேர்வுகள். வெல்ஷ் வழியில் போக நினைப்பவர் முதலில் உள்துறைக்கு எழுதிக் கேட்டு, தகுதியான சட்ட ஆலோசகரையும் பார்த்துவிட்டு இறங்குவது நல்லது. எங்கள் நண்பர்கள் எல்லோரும் ஆங்கில வழியிலேயே முடித்தார்கள்.

வேலைக்கு இந்தச் சான்றிதழ் உதவும். உள்ளாட்சி, சுகாதாரத் துறை விளம்பரங்களில் வெல்ஷ் அவசியம் அல்லது விரும்பத்தக்கது என்று குறிப்பிட்டு, எந்த அளவு வேண்டும் என்றும் போடுகிறார்கள். குவினெத் மன்றத்தின் உள் நிர்வாகம் முழுவதும் வெல்ஷில்தான். அங்கே விண்ணப்பிப்பவர் கையில் நிலை குறித்த சான்று இருந்தால் பேச்சு எளிது.


நெறியாளர்

குடியுரிமை பற்றிய தனிப்பட்ட வழக்கு விவரங்களை இந்த இழையில் எழுத வேண்டாம். அதற்குத் தனி இழை இருக்கிறது. மொழித் தேர்வு பற்றிய உரையாடல் தொடரட்டும்.


தேன்மொழி_ஆசிரியை

சான்றிதழின் மதிப்பு இனிக் கூடும் என்று நினைக்கிறேன். 2050-க்குள் பத்து லட்சம் பேர் வெல்ஷ் பேச வேண்டும் என்று வேல்ஸ் அரசு 2017-இல் இலக்கு வைத்தது. 2021 கணக்கெடுப்பிலோ எண்ணிக்கை முந்தைய 2011-ஐவிடக் குறைந்தது. 5,62,000 பேர் இருந்த இடத்தில் 5,38,000. பள்ளியை மட்டும் நம்பினால் போதாது, பெரியவர்களும் கற்க வேண்டும் என்பது தெளிவாகிவிட்டது. 25 வயதுக்கு உட்பட்ட இளையோருக்கும் ஆசிரியர்களுக்கும் 2022 முதல் கட்டணமில்லா வகுப்புகள் வந்தன. 2025-இல் வேல்ஸ் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், வெல்ஷ் திறனை ஐரோப்பிய அளவுகோலின் நிலைகளை ஒட்டி விவரிக்க வழி செய்கிறது. வாழ்நாள் முழுதும் வெல்ஷ் கற்பவர்களுக்காகத் தேசிய நிறுவனம் ஒன்றையும் அமைக்கிறது. இனி ‘எனக்குக் கொஞ்சம் வெல்ஷ் தெரியும்’ என்பதற்குப் பதில் ஏ2, பி1 என்று எல்லோரும் ஒரே மொழியில் பேசிக்கொள்ளலாம்.

குமரன் ஐயா, நீங்கள் சொன்ன இடைவெளி இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாட்டியிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்க முதலில் கேள்வி கேட்கும் வாக்கியம் நாவில் இருக்க வேண்டும். மலர்விழி அட்டையைப் பார்த்துக் கேள்வி கேட்டுப் பழகுவது அதற்குத்தான் உதவும்.


மலர்விழி_பாங்கர்

எல்லோருக்கும் நன்றி. இன்று வகுப்பு முடிந்ததும் ஆசிரியையிடம் சொல்லிவிட்டேன். வடக்குப் பதிப்பு, மாலை நேரம் கிடைத்தால் மாலை நேரம் என்று கேட்டிருக்கிறேன். பணிப் பட்டியல் போடும் மேலாளரிடமும் அந்த நாளுக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

உதவியாளர் ஒருவர் தினமும் உணவு இடைவேளையில் என்னோடு அட்டை வைத்து விளையாடச் சம்மதித்திருக்கிறார். நான் கேட்க வேண்டும், அவர் பதில் சொல்ல வேண்டும்; பிறகு அவர் கேட்பார். ‘ஓய்ஸ்’, ‘டோ’ இரண்டும் இன்னும் மாறி மாறி வருகின்றன. ஒரு சந்தேகம்: வானிலை அறிக்கையில் ஊர்ப் பெயர்களும் வருமா? வேல்ஸின் ஊர்களில் பாதி எனக்கு வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்றே தெரியாது.


இளங்கோ_சுவான்சி

வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, நடு வேல்ஸ், கடலோரம், மலைப்பகுதி: இந்தச் சொற்களை முதலில் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பெரிய ஊர்களின் வெல்ஷ் பெயர்களையும் ஒரு தாளில் எழுதி ஒட்டிவையுங்கள்; சுவான்சிக்கு ‘அபெர்தாவே’, கார்டிஃபுக்கு ‘கைர்டீத்’, நியூபோர்ட்டுக்கு ‘காஸ்நெவித்’. பேருந்துப் பலகைகளில் இரண்டு பெயரும் இருக்கும், போகும்போதே படியுங்கள். காலையில் கிளம்பும்போது வெல்ஷ் மொழி வானொலியான ரேடியோ கம்ரீயில் வானிலை போடுவார்கள். முதல் வாரம் காற்று, மழை என்ற இரண்டு சொல் மட்டும்தான் பிடிபடும். வேல்ஸில் அதற்கே பெரும்பாலும் மதிப்பெண் கிடைத்துவிடும்.